ஒரு முதல் வகுப்பு டிக்கெட்டும் மூன்று பேரும்

ஒரே விமானத்தில் போகிற மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் முதல் வகுப்பு டிக்கெட் கொடுத்தால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, குடும்பத்தில் கலகம் மூட்டுகிற வேலை என்று எடுத்துக்கொள்வதா? என் கணவரை வேலைக்கு அழைத்துக்கொண்ட இங்கிலாந்துக் கம்பெனி மரியாதை என்று நினைத்துத்தான் செய்தது. பெங்களூரில் விமான என்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்று வருட ஒப்பந்தத்தில் அங்கே போயிருந்தார். கோடை விடுமுறையில் நாங்கள் போய்ப் பார்த்துவர அவர்களே டிக்கெட் அனுப்பினார்கள். மனைவிக்கு முதல் வகுப்பு, பிள்ளைகளுக்கு டூரிஸ்ட் வகுப்பு. பிள்ளைகள் என்றால் பொம்மை வைத்து விளையாடுகிற வயது என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. என் மகள் வசந்தாவுக்குப் பதினேழு, மகன் ரகுவுக்குப் பதினாலு. இரண்டு பேருமே என்னைவிட உயரம்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் இதே பேச்சு. கால் நீளமாக இருப்பவனுக்குத்தான் அகலமான இருக்கை வேண்டும் என்றான் ரகு. கிளாஸில் முதலாவதாக வந்தவளுக்குத்தான் முதல் வகுப்பு என்றாள் வசந்தா. டிக்கெட்டில் இருப்பது என் பெயர் என்றேன் நான். எதிர்வீட்டு மேரியக்கா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், எந்த வழக்குக்கும் கையோடு ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர். "முன்னாடி ஒக்காந்தா இன்னா பெருசு? சினிமாவுல பின்னாடிதானே ஒஸ்தி? முன்னாடி தரை டிக்கெட்டு. பசங்கள நல்லா கடைசியா பாத்து ஒக்கார வையி" என்றார். அது நியாயமாகப் பட்டதால் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசையாகக் கேட்டு வாங்கினேன். கண்டோன்மென்ட் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் நான். உலகம் உருண்டை என்று தெரியும், விமானத்தில் எந்தப் பக்கம் ஆடும் என்று தெரியாது.

கடைசியில் எங்கள் வீட்டு வழக்கமே வென்றது. வீட்டில் நல்லதாக ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கு முறை போட்டுவிடுவோம். சைக்கிளுக்கு முறை, ரேடியோவின் பக்கத்து நாற்காலிக்கு முறை, ஞாயிற்றுக்கிழமை முறுகல் தோசைக்கு முறை. முதல் வகுப்பு இருக்கைக்கும் அப்படியே ஆயிற்று. முதலில் நான், பிறகு ரகு, பிறகு வசந்தா. விமானக் கம்பெனி இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்று கேட்க எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கூத்துக்கு அடியில் ஒரு பெரிய கவலை இருந்தது. வசந்தா பி.யு.சி. முடித்திருந்தாள். லண்டனில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் அப்பா வேலை பார்ப்பது வேறு ஊர், ரயிலில் போகவேண்டும். அவள் ஹாஸ்டலில் தனியாகத்தான் இருக்கவேண்டும். நானும் ரகுவும் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பிவிடுவோம். 'நீ வந்து பார்த்துவிட்டு நீயே முடிவு செய். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் விடு, வேண்டாம் என்றால் கூட்டிக்கொண்டு போ' என்று என் தலையில் கட்டிவிட்டார் அவர். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஊரிலேயே முடிவு செய்துவிட்டேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. சிவாஜிநகருக்கு ரிப்பன் வாங்கப் போனால்கூடத் தம்பியைத் துணைக்கு அனுப்பித்தானே அவளை வளர்த்திருக்கிறேன்? அவளுக்கும் இது என் கையில்தான் இருக்கிறது என்று தெரியும். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் நாள் பெங்களூரிலிருந்து பம்பாய்க்குச் சின்ன விமானம். அதில் வகுப்பு வித்தியாசமே கிடையாது, எல்லோரும் ஒரே பந்தி. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் வாயில் போட்டுக்கொள்ளப் பெப்பர்மின்ட்டும் தட்டில் வைத்து நீட்டினார்கள். எல்லோரும் ஒன்று எடுத்தார்கள். ரகு கை நிறைய அள்ளினான். வழியனுப்ப வந்த மேரியக்கா கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் புடவைத் தலைப்பை ஆட்டிக்கொண்டே நின்றார். விமானம் கிளம்பி அல்சூர் ஏரி ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். சத்தியமாகச் சந்தோஷத்தில் வந்தது.

மறுநாள் காலை பம்பாயில் பெரிய ஜெட் விமானம் ஏறினோம். அதற்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. பின்வாசலில் படி மட்டும். மேரியக்காவின் தீர்ப்பு அங்கேயே கவிழ்ந்தது. நான் முன்னால் ஏற, பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஏறினார்கள். ஏறும்போது வசந்தா என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அதில் எத்தனை பங்கு கேலி என்று தாய்க்குத் தெரியாதா?

முதல் வகுப்பு இருக்கையில் என்னைப்போல் இன்னொருத்தியும் உட்காரலாம். கால் நீட்டினால் முன் இருக்கை தட்டாது. போட்டுக்கொள்ளத் துணிச் செருப்பு கொடுத்தார்கள். ஆவி பறக்கும் ஈரத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து நீட்டினார்கள். நான் முகம், கழுத்து, முழங்கை எல்லாம் துடைத்துவிட்டுப் பார்த்தால், பக்கத்து இருக்கை வெள்ளைக்கார மூதாட்டி விரல் நுனியை மட்டும் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தள்ளுவண்டியில் முழு ஆட்டுத்தொடையே வந்தது. கண்ணெதிரில் அறுத்து வைத்தார்கள். பஞ்சுபோல் வெந்திருந்தது, ஆனால் மிளகாயைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆடு. நான் கைப்பையிலிருந்து பூண்டு மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவிக்கொண்டேன். மூதாட்டி தனக்கும் ஒரு சிட்டிகை கேட்டாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். அதற்கப்புறம் எங்களுக்குள் நல்ல சிநேகமாகிவிட்டது.

முறை மாற்றும் நேரம் வந்தபோது விமானத்தின் தலைமைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. முதல் வகுப்பை விட்டு யாராவது எழுந்து போவார்களா? பிறகு சிரித்து, ஓர் இருக்கையில் ஓர் ஆள் இருந்தால் தனக்குப் போதும், ஆனால் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்த பிறகு யாரும் நடமாடக் கூடாது என்றார். ரகு முன்னால் போய் இரண்டு தட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மூன்றாவதாகப் பாலாடைக்கட்டியும் கேட்டதாக மூதாட்டி பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

பின்வகுப்பு வேறே உலகம். வரிசைக்கு ஆறு பேர். முழங்கால் முன் இருக்கையைத் தொடும். கடைசி வரிசை மாட்டுவண்டியின் பின்பலகைபோல் ஆடியது. பக்கத்திலேயே கக்கூஸ் கதவு, திறப்பதும் மூடுவதுமாக. ஆனால் என்ன பேச்சு, என்ன சிரிப்பு! லண்டனில் கடை வைத்திருக்கும் பஞ்சாபிக் குடும்பம் ஒன்று வரிசை வரிசையாகப் பூரி விநியோகித்தது. முன்னால் நான் இருந்த நேரமெல்லாம் கேட்டது கரண்டிச் சத்தம்தான். மூதாட்டியைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. சௌகரியம் முன்னால், சந்தோஷம் பின்னால் என்று வசந்தாவிடம் சொன்னேன். இரண்டையும் பார்த்துவிட்டுத் தானே சொல்வதாகச் சொல்லி, தன் முறைக்கு எழுந்து போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில், முன்னாலிருந்து திரும்பி வந்திருந்த ரகு ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டான். கீழே பாலைவனம் முடிந்து நீலம் தொடங்கியது. செங்கடல்! சுவரில் தொங்கும் படத்தில் எத்தனையோ வருஷமாகக் குச்சியால் தொட்டுக் காட்டியது. பெயர்தான் செங்கடலே தவிர நிறம் சிவப்பில்லை என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இருந்தும் எங்காவது கொஞ்சம் சிவப்பு தெரிகிறதா என்று கண் தேடியது. படத்தில் எந்த இடத்தில் கடல் வளைகிறதோ அந்த இடத்தில் நிஜமாகவே வளைந்தது. அப்படியானால் நான் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று ரகுவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். இவ்வளவு நாளும் சந்தேகத்திலா நடத்தினாய் என்று கேட்டான் படவா.

கெய்ரோவில் இறங்கியபோது உச்சிவெயில். எரிபொருள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்றிருந்தார்கள். ஆனால் ஒரு என்ஜினில் கோளாறு, மாற்றுச் சாமான் மறுநாள்தான் வரும், எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. கேட்காமலே எகிப்து! பயணத்தின் நடுவில் தங்குகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து வெளியே விட்டார்கள். நந்திமலைக்குப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிப்போகிற டீச்சருக்குத் தலை எண்ணுகிற வியாதி உண்டு. நிழலில் நின்று எண்ணினேன். ஒரு தலை குறைந்தது.

முன்வாசலில் இறங்கியவர்களைக் காணவே காணோம். நாங்கள் பின்படியில் நெருக்கியடித்து இறங்குவதற்குள் அவர்களுக்குக் கார்கள் வந்து, நைல் நதிக்கரையில் பெரிய ஓட்டலுக்குக் கிளம்பிப் போய்விட்டன. எங்களைப் போன்றவர்களுக்கு விமான நிலையத்தின் பக்கத்திலேயே வேறு ஓட்டல், அதற்குப் பஸ் வரும். மேஜையில் இருந்த விமானக் கம்பெனி ஆளிடம் என் மகள் வசந்தாவைக் காணவில்லை என்றேன். அவர் ஒரு காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரகுவைப் பார்த்தார். மகளும் மகனும் பின்வகுப்பு, இங்கேதான் இருக்கவேண்டும் என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் அனுதாபம் பரவியது.

"மேடம், நீங்கள் ஏற்கெனவே ஓட்டலுக்குப் போய்விட்டீர்கள்" என்றார்.

ரகு சிரித்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். முறை போட்ட கதையை முதலிலிருந்து சொன்னேன். இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் உண்டா என்று அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் அரபியில் கேட்டிருக்கவேண்டும், அவரும் வந்து எங்களை வேடிக்கை பார்த்தார். பிறகு ஓட்டலுக்குப் போன் போட்டார். என் பெயரைச் சொல்லிக் கேட்டார். மேடம் அறையில் இல்லை, வெளியே போயிருக்கிறார் என்று பதில் வந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பெரிய ஊர். கண் காணாத தேசம். அவள் பாஸ்போர்ட் என் கைப்பையில். அவள் கையில் சல்லிக்காசு கிடையாது. அந்த ஊர்ப் பாஷையும் புரியாது. கூட்டத்தில் தொலைந்தால் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து ஓதியிருக்கிறேன். பேட்டையில் கரகத் திருவிழாக் கூட்டத்தில் ஒருதரம் அப்படித்தான் ஒரு வளையல் கடை வாசலில் அசையாமல் நின்று கிடைத்தாள். அவள் வெளியே போயிருக்கிறாள் என்றால் யாராவது அழைத்துப் போயிருக்கவேண்டும். இப்படித்தான் ஓடியது புத்தி. லண்டனும் வேண்டாம், பௌதிகமும் வேண்டாம் என்று கண்ணில் தண்ணீரோடு ரகுவிடம் சொன்னேன். அவன் ஒரு பெப்பர்மின்ட்டை என் கையில் வைத்தான்.

கம்பெனி ஆள் நல்லவர். தானே ஒரு வாடகைக் காரைப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கார் பாதி வழியில் கொதித்து நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து புகையை விசிற, ரகு ஓடிப்போய் ஒரு டீக்கடையிலிருந்து தண்ணீர் வாங்கிவந்தான். சிவாஜிநகரில் பொறுக்கிய தக்னி உருதுதான் அவனிடம் இருந்த மூலதனம். அதில் 'குர்சி' என்கிற சொல் மட்டும் டிரைவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலிக்கு அங்கேயும் அதே பேர்தானாம். அதை வைத்துக்கொண்டு கையும் காலும் ஆட்டி, அம்மா நாற்காலியில் அக்கா உட்கார்ந்த கதையை அவன் எப்படியோ விளக்கினான். டிரைவர் தன் நெஞ்சில் கைவைத்து என்னிடம் ஏதோ சத்தியம் செய்தார். அதற்குமேல் அவர் ஓட்டிய வேகத்தை எழுதினால் என் கணவர் கவலைப்படுவார்.

அந்த நிலையிலும் கண் சும்மா இருக்கவில்லை. ரோட்டோரம் தொங்கும் ஆட்டுக்கறி, துணிக்கடைகள், படியில் ஆள் தொங்கும் டிராம், குறுக்கே போகும் கழுதைவண்டி, பாங்கு ஓசை. ரஸ்ஸல் மார்க்கெட்டை நூறு மடங்கு பெரிதாக்கி ஒரு நதிக்கரையில் வைத்தாற்போல் இருந்தது. வசந்தா மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷசாலி எகிப்தில் இருந்திருக்க முடியாது.

ஓட்டலில் என்னையும் ரகுவையும் கண்டதுமே வரவேற்பு மேஜைக்காரர் எழுந்துகொண்டார். எங்களுக்காகவே காத்திருந்தவர்போல் ஒரு சாவியை எடுத்து வைத்தார். மேடம் நடந்துவரப் போயிருக்கிறார், ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவார் என்றார். நாங்கள் தங்கவேண்டிய ஓட்டலுக்கு மேடமே இரண்டு தடவை போன் செய்யச் சொன்னாராம். இன்னும் வரவில்லை என்று சொன்னார்களாம். நான்தான் அப்போது விமான நிலையத்தில் ஏற்கெனவே போய்விட்டவளாக நின்றுகொண்டிருந்தேனே. "ஓர் அம்மாவும் ஒரு பையனும் வருவார்கள், பையனுக்குப் பசிக்கும், முதலில் சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்" என்றார்.

ரகுவைச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் வாசல்படியில் நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நைல் நதி ஓடிக்கொண்டிருந்தது. பாய்மரப் படகுகள் போயின. அது உற்பத்தியாகும் ஏரி, அதன் டெல்டா, வண்டல்மண், பருத்தி எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அன்று அதை நான் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து அடிக்கச் சற்று முன்னால் வந்தாள். ஓட்டமும் இல்லை, பதற்றமும் இல்லை. ஆற்றங்கரை ஓரமாகப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து, எதையோ நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்து வந்தாள். பாலத்தின் அந்தக் கரைவரை போயிருக்கிறாள். ஒரு கரும்புச்சாற்றுக் கடையில் காசில்லை என்று பையை உதறிக் காட்டினாளாம். அவன் ஹிந்தா, அதாவது இந்தியாவா என்று கேட்டு, நம் சினிமா நடிகர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஒரு பெரிய தம்ளர் கொடுத்தானாம். இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள். அந்த நிமிஷம் நான் அவளைப் பேச விடவில்லை.

"நின்ன எடத்துலயே நிக்கணும்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?" என்றேன். கையும் ஓங்கிவிட்டேன்.

"அது கரகத்துலம்மா. அங்க நீ வருவியோ மாட்டியோன்னு பயமா இருந்துது, நின்னேன்" என்றாள். "இங்க நீ எப்படியும் வந்துடுவேன்னு தெரியும். அதான் போனேன்."

அடிக்க ஓங்கின கை அவள் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் படியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். தொலைந்த பெண் கிடைத்ததற்கு அழுதேன் என்று வாசல் காவல்காரர் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். தொலைந்து திண்டாடியது நான். அந்த மத்தியானம் முழுவதும் அவள் என்னைத் தேடவே இல்லை. அது எனக்கு வலித்தது, நிஜமாக வலித்தது. அதே சமயம், வகுப்பில் முதல் மார்க்கு வாங்கியதுபோல் ஒரு பெருமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து எப்படி வரும் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் மூவரும் ஆற்றங்கரையில் நடந்தோம். இப்போது நைலை ஆசை தீரப் பார்த்தேன், இறங்கிக் கையும் நனைத்தேன். ரோட்டோரக் கடையில் அரிசி, பருப்பு, மக்ரோனி மூன்றையும் ஒரே தட்டில் கலந்து, மேலே பொரித்த வெங்காயமும் தக்காளிச் சாறும் ஊற்றிக் கொடுத்தார்கள். பிசிபேளாபாத்துக்கு மக்ரோனி மாப்பிள்ளை வந்துவிட்டான் என்றான் ரகு. எங்கள் மிளகாய்ப்பொடி கடைக்காரர் வரைக்கும் போயிற்று.

மறுநாள் விமானம் சரியாகிக் கிளம்பியது. முதல் வகுப்பு இருக்கைக்கு முறை பேசவே இல்லை. ரகு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டான். நானும் வசந்தாவும் ஆடுகிற கடைசி வரிசையில் பஞ்சாபிக்காரர்களின் பூரியைத் தின்றுகொண்டு, லண்டன் குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் பின்னவேண்டும், தேங்காயெண்ணெய் உறைந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டு போனோம். பேச்சு அங்கே எப்படிப் போயிற்று என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலை வந்ததும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு இருவரும் கத்தினோம்.

லண்டனில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றிருந்தார். பிள்ளைகள் இரண்டும் அவர்மேல் விழுந்தார்கள். எங்கள் பெட்டிகள் வரும்வரை பொறுக்கமாட்டாமல், அவர்கள் சற்றுத் தள்ளிப் போன சமயம் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "என்ன முடிவு பண்ணினே? விட்டுட்டுப் போறியா, கூட்டிட்டுப் போறியா?"

வசந்தா அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரப் போர்ட்டரிடம் நிமிர்ந்து நின்று எதையோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டுத்தான் போறேன்" என்றேன். "ஆனா கூப்ட்டா நான் வந்துடுவேன்னு அவளுக்குத் தெரியும். அது பொய்யாகக் கூடாது. ஊர்லேர்ந்து நான் மறுபடி வர்ற டிக்கெட்டுக்கு நீங்க இப்பவே வழி பண்ணிடுங்க. எந்தக் கிளாஸா இருந்தாலும் சரி."